மழைக்காலத்தில் வீட்டில் இரை மீன்: எதை வைக்கலாம், எங்கே கொட்டக் கூடாது

ஐப்பசி பிறந்துவிட்டால் தூத்துக்குடி கரையில் உயிர் இரை கிடைப்பது பெரும்பாடு. கடல் கலங்கிக் கிடக்கும். வானிலை எச்சரிக்கை வந்துவிட்டால் வள்ளம் இறங்காது. அதனால் கரையில் நின்று தூண்டில் போடுகிறவர்களும், தாமிரபரணிப் பாசனக் குளங்களில் விரால் பிடிக்கிறவர்களும், கிடைக்கிற நாளிலேயே இரை மீனைச் சேர்த்து வீட்டில் ட்ரம்மில் விட்டு வைக்கிறார்கள். மடவைக் குஞ்சு, கெண்டைப் பொடி, உளுவை, சிலேபி. சில வீடுகளில் கெளுத்தி. தை பிறக்கும்வரை அவை உயிரோடு இருந்தால் போதும்.

இதில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் அது என்ன மீன், எங்கே பிடித்தது, மிஞ்சியதை எங்கே கொட்டுகிறோம் என்பதில் சட்டமும் இருக்கிறது, குளங்களின் கதியும் இருக்கிறது.

முதலில் மீன் சாகாமல் இருக்க வழி பார்ப்போம். மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரை நேராக ஊற்றினால் அதிலுள்ள குளோரின் செவுளை அரித்துவிடும். அகலமான பாத்திரத்தில் ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்த பிறகே ஊற்ற வேண்டும். அடுத்தது அம்மோனியா. மீன் தன் செவுள் வழியாகவே அதை வெளியேற்றுகிறது. கூட்டம் அதிகமானால் அதுவே நஞ்சாகிறது. உப்புத் தண்ணீரில் காரத்தன்மை கூடுதல் என்பதால் கடல் மீன் ட்ரம்மில் இந்த நஞ்சின் வீரியமும் கூடுதல். விரல் நீள மீன் ஒன்றுக்கு நாலைந்து லிட்டர் தண்ணீராவது விடுங்கள். தினமும் கால்வாசி மாற்றுங்கள். தீனியைக் குறையுங்கள், மிதந்து கிடக்கும் தீனி அடுத்த நாள் அழுகல். விடியற்காலையில் மீனெல்லாம் மேலே வந்து, வாயை நீர்மட்டத்தில் ஒட்டி, செவுள் படபடக்க நின்றால் பிராணவாயு போதவில்லை என்று அர்த்தம். கரண்ட் போய் ஏர் பம்ப் நின்ற இரவுக்குப் பிறகு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். ஒரு செம்பை எடுத்து, அதே தண்ணீரை மொண்டு, உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தால் பெரும்பாலானவை பிழைத்துவிடும்.

கடல் மீன் ட்ரம்மில் மழை நேராக விழக் கூடாது. ஒரே இரவுப் பெருமழையில் உப்பு நீர்த்துப்போய் மடவைகூடத் தள்ளாடும். ட்ரம்மின் வாயைக் கொசுவலையால் இறுகக் கட்டுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இந்த மாதிரித் தேங்கிய தண்ணீரில்தான் முட்டையிடுகிறது. புழு இருந்தால் 1939-ம் ஆண்டின் தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டப்படி அபராதம் விதிக்க மாநகராட்சிக்கு அதிகாரம் உண்டு.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தருவது மின்சாரம். ஈரத் தரையில் ஒட்டுப்போட்ட வயர், மழையில் நனையும் ப்ளக், தண்ணீருக்குள் கிடக்கும் மோட்டார். கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி வீட்டில் இல்லாவிட்டால் ஏர் பம்ப் மாட்டாதீர்கள். ஸ்விட்சை அணைத்து ப்ளக்கையும் பிடுங்கிய பிறகே தண்ணீரில் கை வையுங்கள். கம்பத்திலோ சர்வீஸ் வயரிலோ கோளாறு தெரிந்தால் மின்வாரியத்தின் மின்னகம் சேவை எண் 94987 94987-ல் எந்நேரமும் புகார் செய்யலாம்.

இனி மீனின் அடையாளம். கடற்புல் படுகையில் சிறு வலை இழுத்தால் பொடி மீனோடு கட்டைவிரல் அளவு கடல்குதிரையும் வந்துவிடும். வாலை ஒரு புல்லில் சுற்றிக்கொண்டு, அசையாமல், பாசி மாதிரியே இருக்கும். பிள்ளைகள் ஆசைப்பட்டு பாட்டிலில் போட்டுவிடுவார்கள். கடல்குதிரையும் கடல் அட்டையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கின்றன. வீட்டில் வைத்திருந்தால் சிறைத் தண்டனைவரை போகலாம். வலையில் கண்டவுடன், உயிரோடு இருக்கும்போதே, எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். இடமும் முக்கியம். வான் தீவு, காசுவாரித் தீவு, காரைச்சல்லி ஆகியவை 1986-ல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. அவற்றை ஒட்டிய பவளப்பாரில் இரை சேகரிக்க அனுமதி இல்லை. உள்நாட்டிலும் குத்தகைக்கு விட்ட குளத்தில் குத்தகைதாரரைக் கேட்காமல் வலை வீசக் கூடாது. தோட்டா போடுவதையும் மருந்து கலப்பதையும் 1897-ம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே குற்றமாக்கிவிட்டது.

சிலேபி நமக்குப் பழகிவிட்டது. ஆனால் அது ஆப்பிரிக்க மீன். 1952-ல் மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்டு, எழுபது ஆண்டுகளில் நாடெங்கும் குளம் குட்டைகளைப் பிடித்துவிட்டது. அதைவிடக் கொடியது ஆப்பிரிக்கக் கெளுத்தி. காற்றைச் சுவாசிக்கும், ஈரத் தரையில் ஊர்ந்து அடுத்த குட்டைக்குப் போகும், தன்னைவிடச் சிறியது எதையும் விழுங்கும். அதை வளர்க்க 2000-லேயே மத்திய அரசு தடை விதித்தது. ஆனாலும் லேசில் சாகாது என்பதற்காகவே இரைக்கென்று குஞ்சு வாங்கிப்போக ஆள் இருக்கிறது. விற்கிறவர் “நாட்டுத் தேளி” என்று சொன்னாலும் நம்பி வாங்காதீர்கள்.

தாமிரபரணியின் ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து பிரியும் வடகாலும் தென்காலும் குளத்தோடு குளத்தைக் கோத்து வைத்திருக்கின்றன. ஒரு குளத்தில் கொட்டிய மீன் அந்தக் குளத்தோடு நிற்காது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஆறும் குளமும் தெருவும் ஒரே தண்ணீர். அப்போது முற்றத்தில் திறந்து கிடந்த எந்தத் தொட்டியின் மீனும் ஆற்றுக்குப் போயிருக்கும். அதனால்தான் சொல்கிறேன்: ட்ரம்மைத் தாழ்வான முற்றத்தில் வைக்காதீர்கள். கனமழை எச்சரிக்கை வந்தால் மூடியைக் கட்டி மேலே ஏற்றிவிடுங்கள். சீசன் முடிந்து மிஞ்சும் மீனை, அது நாட்டு மீனே ஆனாலும், ஓடையில் கொட்ட வேண்டாம். தொட்டியில் பிடித்த நோயும் கூடவே போகும். சமைத்துச் சாப்பிடலாம், அடுத்த தூண்டில்காரருக்குக் கொடுக்கலாம். ஆப்பிரிக்கக் கெளுத்தி என்று தெரிந்தால் ஐஸில் வைத்துக் கொன்று புதையுங்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு மீனைத் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியிலோ மீன்வளத் துறை அலுவலகத்திலோ காட்டிக் கேளுங்கள்.

உங்கள் ஊர்க் குளத்தில் என்ன குஞ்சு விடப்பட்டது, குத்தகை யாருக்குப் போனது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். தடை செய்யப்பட்ட மீன் வளர்ப்பதைக் கண்டால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள், இல்லையென்றால் முதல்வரின் உதவி மைய எண் 1100-க்குப் பேசுங்கள். ஏமாற்றி விற்ற கடைமீது நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் உண்டு. அதற்கு ரசீது கையில் இருக்க வேண்டும்.

தெரியாமல் வலையில் வந்த உயிரினத்துக்காக ஒருவரைப் பிடித்தாலும் அவருக்கு உரிமை இருக்கிறது. கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். பறிமுதல் பட்டியலின் நகலைக் கேட்டு வாங்குங்கள். வாசிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக ஏற்பாடு செய்யும், எண் 15100.