திறந்த வாசல் – 7: வரலாறு கேட்ட மாணவர்கள்

1960களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரில், க்ரோவ் தெருவில் ஓர் ஈராண்டுக் கல்லூரி இருந்தது. மெரிட் கல்லூரி என்று பெயர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கப்பல் கட்டும் தளங்களில் வேலை தேடித் தென் மாநிலங்களிலிருந்து வந்து குடியேறிய கறுப்பினக் குடும்பங்கள் அந்தப் பகுதியில் நிறைய. அவர்களுடைய பிள்ளைகள் வீட்டிலிருந்து எளிதாகப் போய்வரும் தூரத்தில் அந்தக் கல்லூரி இருந்தது. ஹியூயி நியூட்டனும் பாபி சீலும் சந்தித்துக்கொண்டது அங்கேதான். 1966 அக்டோபரில் கருஞ்சிறுத்தைக் கட்சியைத் தொடங்கியவர்களாக அந்த இருவரையும் உலகம் அறியும். அதற்கு முன்பே அவர்கள் தங்கள் கல்லூரியில் ஒரு கோரிக்கையை எழுப்பியிருந்தார்கள். கறுப்பின மக்களின் வரலாற்றைப் பாடமாக வைக்க வேண்டும், கறுப்பின ஆசிரியர்களை நியமிக்க வேண்டும் என்பதே அது.

இந்தக் கோரிக்கையை நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கேட்டவர்கள் வசதியான வீட்டுப் பிள்ளைகள் அல்லர். வேலை இல்லாத் திண்டாட்டமும் போலீஸ் கெடுபிடியும் அன்றாடமாக இருந்த தெருக்களிலிருந்து வந்தவர்கள். வேலைக்குத் தயார்செய்யும் வகுப்புகள் அந்தக் கல்லூரியில் இருக்கவே செய்தன. அவர்கள் கேட்டது வரலாறு. தங்கள் தாத்தா பாட்டிகளுக்கு என்ன நடந்தது, அது ஏன் எந்தப் புத்தகத்திலும் இல்லை என்று தெரிந்துகொள்ள விரும்பினார்கள். மெரிட் கல்லூரி அந்தப் பாடத்தைத் தொடங்கியது. நாட்டிலேயே இத்துறையில் முதலில் அடியெடுத்து வைத்த கல்லூரிகளில் ஒன்றாக அது இன்றும் பேசப்படுகிறது.

நியூட்டனின் சொந்தக் கதை இன்னும் அழுத்தமானது. 1959இல் பள்ளி இறுதி முடித்து வெளியே வந்தபோது அவருக்குச் சரளமாக வாசிக்கத் தெரியாது. பன்னிரண்டு ஆண்டு பள்ளிக்கூடம் அவரை அந்த நிலையில்தான் அனுப்பி வைத்தது. பிறகு பிளேட்டோவின் 'குடியரசு' நூலைக் கையில் எடுத்துக்கொண்டு, திரும்பத் திரும்ப முட்டி மோதி, தானாகவே வாசிக்கக் கற்றதாகத் தன்வரலாற்று நூலில் சொல்கிறார். 1966இல் மெரிட்டில் ஈராண்டுப் பட்டம். 1980இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகத்தில் முனைவர் பட்டம். அவருடைய பிற்கால வாழ்க்கையில் வன்முறையும் வழக்குகளும் உண்டு. அவற்றை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் வாசிக்கவே திணறிய ஓர் இளைஞனைத் தத்துவம் பேசும் வகுப்பறைக்குள் விட்ட கல்லூரி எது என்பதையும் மறக்கக் கூடாது. மதிப்பெண் பார்த்து எடுக்கும் எந்தக் கல்லூரியும் அவரை வாசற்படி ஏற விட்டிருக்காது.

1901இல் அமெரிக்காவின் ஜோலியட் நகரில் ஆறு மாணவர்களோடு, இப்போது சமுதாயக் கல்லூரி எனப்படும் இந்த வகைக் கல்லூரி பிறந்த கதையைத் தொடரின் தொடக்கத்தில் பார்த்தோம். அன்றைக்கு அதன் நோக்கம், பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு ஆண்டுப் படிப்பை ஊரிலேயே தருவது. தொழிற்பயிற்சி பின்னால் வந்து சேர்ந்து, நாளடைவில் அதுவே அடையாளமாகிவிட்டது. நம் ஊரில் 1995இல் புதுச்சேரியிலும் 1996இல் சென்னையிலும் சமுதாயக் கல்லூரிகள் தொடங்கியபோது, படிப்பை இடையில் விட்டவர்களுக்கு வேலைத் திறன் தருவதுதான் அவற்றின் முதல் அக்கறையாக இருந்தது. அது தேவையான பணி. அதனாலேயே தமிழ் வாசகருக்குச் சமுதாயக் கல்லூரி என்றதும் தையல் இயந்திரமும் கணினியும் நினைவுக்கு வரும், பிளேட்டோ வரமாட்டார். அமெரிக்காவில் இரண்டும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. ஒரு கட்டடத்தில் வெல்டிங், அடுத்த கட்டடத்தில் சாக்ரடீஸ்.

கலிபோர்னியாவில் இரண்டும் சேர்ந்திருப்பதற்கு ஒரு சட்ட ஏற்பாடும் காரணம். 1960இல் அந்த மாநிலம் தன் உயர்கல்விக்கு ஒரு மூலத்திட்டம் வகுத்தது. பள்ளி முடிப்பவர்களில் முதல் எட்டில் ஒரு பங்கினருக்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகம், முதல் மூன்றில் ஒரு பங்கினருக்கு மாநிலக் கல்லூரிகள், படித்துப் பயனடையக்கூடிய எல்லோருக்கும் ஈராண்டுக் கல்லூரிகள். அங்கே தேறியவர்கள் மூன்றாம் ஆண்டில் பல்கலைக்கழகத்துக்கு மாறலாம். இதை டிரான்ஸ்ஃபர் என்பார்கள். அதற்குச் சுமார் 60 யூனிட், அதாவது பாட மதிப்பு அலகுகள், வேண்டும். அந்த அறுபதுக்குள் ஆங்கிலக் கட்டுரை, இலக்கியம், வரலாறு, தத்துவம், கலை ஆகியவற்றிலிருந்து இத்தனை என்று ஒரு கட்டாயம் இருக்கிறது. கணக்காளராகப் போகிறவரும் பொறியாளராகப் போகிறவரும் அந்த வாசல் வழியாகத்தான் போக வேண்டும்.

இந்தக் கட்டாயத்தைத் திட்டுகிறவர்கள் அதிகம். நர்ஸுக்கு எதற்கு நாடகம் என்று கேட்பார்கள். நான் தமிழ் இலக்கியத்தில் சேர்ந்தபோது "இதப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்காத உறவினர் இல்லை, கேள்வி எல்லா ஊரிலும் ஒன்றுதான். என் பதில் இது: அந்தக் கட்டாயம் இல்லையென்றால், இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டு வகுப்புக்கு வருகிற ஒருவருக்கு ஒரு நாடகத்தை முழுதாகப் படித்து நாலு பேரோடு விவாதிக்கும் வாய்ப்பு வாழ்நாளில் எங்கிருந்து வரும்? பணக்காரப் பிள்ளைக்கு அது வீட்டுப் புத்தக அலமாரியிலேயே கிடைக்கிறது. ஏழைக்குக் கட்டாயம் என்ற பெயரில்தான் உரிமை வந்து சேர்கிறது.

1961இல் தொடங்கிய, ஓக்லாந்துக்குத் தெற்கே ஹேவர்ட் நகரில் உள்ள சாபோ கல்லூரிக்கு வருவோம். 1974இல் பள்ளி முடித்த ஒரு மாணவன், மதிப்பெண்ணும் இல்லை, பணமும் இல்லை என்பதால் அங்கே சேர்ந்தான். நாடகங்களைப் படிப்பதும், பிறகு அரங்குக்குப் போய்ப் பார்ப்பதும் அவன் எடுத்த ஒரு வகுப்பின் வேலை. பெர்க்லி அரங்கில் யூஜீன் ஓ'நீலின் நாடகம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு வாழ்க்கையின் திசை தெரிந்துவிட்டது. டாம் ஹாங்க்ஸ் என்ற அந்த நடிகர் 2015 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸில் எழுதிய கட்டுரையில், தன் வாழ்வுக்கு அந்தக் கல்லூரிக்கே கடன்பட்டிருப்பதாகச் சொன்னார். ஈராண்டுக் கல்லூரிப் படிப்பை நாடு முழுதும் இலவசமாக்கலாம் என்று அதிபர் ஒபாமா முன்மொழிந்த நேரம் அது. ஹாங்க்ஸ் படித்த காலத்தில் கலிபோர்னியாவில் அது உண்மையிலேயே இலவசம். 1978இல் சொத்து வரிக்கு உச்சவரம்பு கட்டிய 13ஆம் முன்மொழிவு, அந்த வரியை நம்பியிருந்த கல்லூரிகளின் வருமானத்தை ஒடித்தது. 1984இல் முதன்முறையாகக் கட்டணம் வந்தது. இப்போது ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். வருமானம் குறைந்தவர்களுக்குத் தள்ளுபடி உண்டு. அமெரிக்கக் கணக்கில் இது மலிவுதான். வாடகையும் பாடப்புத்தகமும் பெட்ரோலும்தான் அங்கே மாணவனை முறிக்கின்றன.

ஆனால் கட்டணத்தைவிடப் பெரிய சுவர் ஒன்று கல்லூரிக்குள்ளேயே இருந்தது. பலர் இதைக் கவனிப்பதில்லை. டிரான்ஸ்ஃபருக்குச் செல்லும் முதல் ஆங்கில வகுப்பைப் பல கல்லூரிகளில் இங்கிலீஷ் 1ஏ என்றார்கள். அதில் அப்போது நேரே உட்கார முடியாது. சேரும்போது ஒரு தேர்வு. அதில் குறைந்தால் அடிப்படை வகுப்பு, அதற்கும் கீழே இன்னொன்று, அதற்கும் கீழே வேறொன்று. அந்த வகுப்புகளுக்குப் பட்டத்தில் மதிப்பு கிடைக்கவில்லை. ஒவ்வொரு படியிலும் நூற்றுக்கு 70 பேர் தேறி அடுத்ததில் சேர்வதாக வைத்துக்கொண்டாலும், மூன்று படி தாண்டும்போது 34 பேர்தான் மிஞ்சுவார்கள். மற்றவர்கள் ஒரு நாவலைக்கூடத் தொடாமல், காற்புள்ளி எங்கே வைப்பது என்ற பயிற்சித்தாளோடு வெளியேறிவிடுவார்கள்.

சாபோவில் ஆங்கிலம் கற்பித்த கேட்டி ஹெர்ன் இந்தக் கணக்கை மேடை மேடையாகச் சொன்னவர். 2010இல் லாஸ் மெடானோஸ் கல்லூரியின் கணித ஆசிரியர் மைரா ஸ்நெல்லோடு சேர்ந்து, இந்தப் படிகளைக் குறைக்க ஓர் இயக்கத்தையே தொடங்கினார். பலவீனமான மாணவருக்கு எளிய வாக்கியங்களைக் கொடுப்பதற்குப் பதிலாக முழுப் புத்தகத்தைக் கொடுங்கள், விவாதிக்க விடுங்கள், எழுதவும் திருத்தி எழுதவும் உடன் நில்லுங்கள் என்பது அவர்கள் வாதம். 2017இல் மாநிலம் ஏபி 705 என்ற சட்டத்தை இயற்றியது. பள்ளி மதிப்பெண்ணைப் பார்த்தே இடம் கொடுக்க வேண்டும். ஓராண்டுக்குள் மாணவர் 1ஏ வகுப்பில் சேர்ந்து தேறும் வாய்ப்பு முடிந்தவரை கூடும்படி கல்லூரி நடந்துகொள்ள வேண்டும். முதல் செமஸ்டரிலேயே அந்த வகுப்பைத் தேறுகிறவர்கள் பெருமளவு கூடினார்கள். தயாராகாதவர்களை ஆழத்தில் தள்ளுகிறார்கள் என்று சில ஆசிரியர்கள் இன்றும் சொல்கிறார்கள். தோற்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் முன்பு அவர்கள் தோற்கக்கூட இடமில்லாமல் வெளியே நின்றார்கள்.

இதே சாபோவில் 1981இல் பிறந்த இன்னொரு முயற்சியைச் சொல்லாமல் போக முடியாது. ஆங்கில ஆசிரியர் பாட்ரிஷியா மெக்ராத்தும் மாணவர் ஆலோசகர் ஃபீலிக்ஸ் கலாவிஸும், மெக்சிக்க வம்சாவளி மாணவர்கள் எங்கே நின்றுபோகிறார்கள் என்று அவர்களுடைய படிப்புப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். பெரும்பாலோர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். ஆலோசகரிடம் போவதில்லை. எழுத்து வகுப்பு என்றாலே ஒதுங்கிவிடுகிறார்கள். எனவே மூன்றையும் ஒரே வகுப்பறையில் கட்டினார்கள்: ஓராண்டு முழுக்க அதே ஆசிரியர், வகுப்போடு இணைந்த ஓர் ஆலோசகர், படித்து வேலையில் இருக்கும் அதே சமூகத்து வழிகாட்டி ஒருவர். வாசிக்கக் கொடுத்தது மெக்சிக்க அமெரிக்க எழுத்தாளர்களை. புவென்டே என்ற இந்தத் திட்டம் பிறகு மாநிலம் முழுக்கப் பரவியது. தன் வீட்டுப் பேச்சும் பாட்டியின் சமையலறையும் புத்தகத்தில் வரலாம் என்று அறிந்த பிறகு எழுதத் தயங்கியவர்கள் எழுதினார்கள். தலித் இலக்கியம் பாடத்திட்டத்துக்குள் வந்தபோது நம் கல்லூரிகளில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எழுத்தாளர்களும் இங்கிருந்து வந்திருக்கிறார்கள். 1950இல் புலிட்சர் பரிசு பெற்ற முதல் கறுப்பினக் கவிஞர் க்வெண்டலின் ப்ரூக்ஸ், 1936இல் சிகாகோவின் வில்சன் ஜூனியர் கல்லூரியில் பட்டம் பெற்றவர். அதோடு அவருடைய கல்லூரிப் படிப்பு முடிந்தது. 1990இல் புனைகதைக்கு அதே பரிசைப் பெற்ற ஆஸ்கர் ஹிஹுவேலோஸ், நியூயார்க்கில் பிராங்க்ஸ் சமுதாயக் கல்லூரி வழியாக வந்தவர். ஆனால் புகழ் பெற்றவர்களைக் காட்டித்தான் இந்தப் படிப்புக்கு நியாயம் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. பல்மருத்துவ உதவியாளராகப் போகிறவர் ஒரு கவிதையை ஒழுங்காகப் படித்தால் அதுவே போதும்.

இன்று அமெரிக்காவில் வழங்கப்படும் ஈராண்டுப் பட்டங்களில் ஏறத்தாழ பத்தில் நான்கு, கலை மற்றும் பொதுப்படிப்பு என்ற தலைப்பின் கீழ் வருகின்றன. எண்ணைக் கண்டு மகிழ்ந்துவிட முடியாது. வணிகமோ உளவியலோ படிக்க டிரான்ஸ்ஃபர் ஆகப் போகிறவர்களில் பலரும் அந்தத் தலைப்பில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கு இலக்கியமும் வரலாறும் கிடைப்பது இரண்டு மூன்று வகுப்புகளில்தான். அந்த இரண்டு மூன்று வகுப்புகள் எப்படி நடக்கின்றன என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நடத்துகிறவர்கள் யார்? சமுதாயக் கல்லூரி ஆசிரியர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பகுதி நேரத்தவர்கள். காலையில் ஒரு கல்லூரி, மதியம் அடுத்த ஊரில் வேறொன்று, மாலையில் மூன்றாவது. கலிபோர்னியாவில் இவர்களை நெடுஞ்சாலையில் பறப்பவர்கள் என்றே அழைப்பார்கள். பலருக்குத் தனி அறை கிடையாது. அடுத்த செமஸ்டர் வேலை உண்டா என்பது கடைசி நேரம் வரை தெரியாது. ஒரு வகுப்பில் 30 மாணவர், ஆளுக்கு நாலு கட்டுரை, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரைவு என்று வைத்தால் 240 தாள். கட்டுரை எழுதக் கற்றுக்கொடுக்க வேறு குறுக்குவழி இல்லை. ஒருவர் உட்கார்ந்து வாசித்து, இந்த இடத்தில் நீ சொல்ல வந்தது என்ன என்று கேட்க வேண்டும். மெரிட் மாணவர்கள் பாடத்தோடு ஆசிரியர்களையும் சேர்த்தே கேட்டார்கள். அந்த ஆசிரியர்களுக்கு என்ன சம்பளம், யார் தருகிறார்கள், ஏன் குறைகிறது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)