எல்லோராவின் குடைவரைக் கோயில்கள்

கட்டடம் என்னும் சொல் கட்டுதல் என்னும் தொழிலடியாகப் பிறந்தது. கல்லின்மேற் கல்லையேற்றிக் கீழிருந்து மேலாக எழுப்புவதே கட்டடமாகும். குடைவரையோ இதற்கு நேர்மாறானது. அங்கே சேர்ப்பது யாதொன்றுமில்லை. வேண்டாத கல்லை நீக்குவதொன்றே தொழில். கல்லை அடுக்கி அமைத்த கோயிலைக் கற்றளி என்றும், மலையின் வயிற்றைக் குடைந்தமைத்ததைக் குடைவரை என்றும், ஒரு பாறையை அகத்தும் புறத்தும் செதுக்கி முழுக்கோயிலாக்கியதை ஒற்றைக்கற்றளி என்றும் கலை வரலாற்றறிஞர் பிரித்துக் கூறுவர். இம்மூன்றனையும் ஒன்றெனக் கொண்டு மயங்குவார் பலர்.

இக்கலையின் தொன்மையான சான்றுகள் பீகாரிலுள்ள பராபர் மலையிற் காணப்படுகின்றன. கி. மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகன் அங்குள்ள குகைகளை ஆசீவகத் துறவியர்க்கு வழங்கினான் என்பது கல்வெட்டுச் செய்தி. மழைக்காலத்தில் ஊர்தோறுந் திரியாது ஓரிடத்தே தங்கவேண்டிய துறவியர்க்கு மலைக்குகை ஏற்ற உறைவிடமாயிற்று. பின்னர்த் தக்கணத்தின் மேற்பகுதியில் இக்கலை பெருவளர்ச்சியுற்றது. அங்குள்ள மலைகள் பண்டை எரிமலைக் குழம்பு படைபடையாகப் பரவியுறைந்தமையாலானவை. செங்குத்தான பாறைமுகங்கள் அங்கு நிரம்பவுண்டு.

2023இல் சத்திரபதி சம்பாஜிநகர் எனப் பெயர்மாற்றம் பெற்ற ஔரங்காபாத்து நகருக்கு வடமேற்கே ஏறக்குறைய 30 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது எல்லோரா. இரண்டு கிலோமீற்றர் நீளமுள்ள மலைச்சரிவில், எண்ணிடப்பட்ட குடைவரைகள் 34 உள. தெற்கே முதற் பன்னிரண்டும் பௌத்தருடையன. 13 முதல் 29 வரையுள்ள பதினேழும் இந்துக்களுடையன. வடகோடியிலுள்ள ஐந்தும் சமணருடையன. எண்ணிடப்படாத சிறு குகைகளும் பலவுண்டு. 1983இல் ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் இவ்விடத்தை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது.

எண்வரிசையைப் பார்ப்பவர், பௌத்தம் முதலில் வந்தது, அது மறைய இந்து சமயம் வந்தது, இறுதியிற் சமணம் வந்தது எனக் கருதுதல் இயல்பே. நெடுங்காலம் அறிஞருட் பலரும் அவ்வாறே கருதினர். ஆயின் எண்கள் இடத்தின் வரிசையேயன்றிக் காலத்தின் வரிசையல்ல. 21ஆம், 29ஆம் எண்ணுள்ள சைவக் குடைவரைகள் 6ஆம் நூற்றாண்டைச் சார்ந்தன என்றும், பௌத்த விகாரைகள் அவற்றின் பின் எழுந்தன என்றும் இக்கால ஆய்வாளர் பலர் கொள்கின்றனர். ஒரு சமயத்தின் அழிவின்மேல் மற்றொன்று எழுந்தது என்னும் எளிய கதைக்கு எல்லோரா இடந்தருவதில்லை.

பௌத்தக் குடைவரைகளுள் 10ஆம் எண்ணுடைய விசுவகர்மா குகை தனிச்சிறப்புடையது. அதன் வளைந்த விதானத்தில் மரக் கட்டடத்தின் வளைமரங்களைப் போன்ற கல்விலாக்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. இவை எப்பாரத்தையும் தாங்குவனவல்ல. மரத்தாற் செய்து பழகிய உருவத்தைக் கல்லிலுங் கைவிட மனமில்லாத ஒரு மரபின் அடையாளம் அவை. அவ்வூரார் இக்குகையைத் தச்சன் குடிசை என வழங்குதல் எவ்வளவு பொருத்தமானது!

எல்லோராவின் முடிமணி 16ஆம் எண்ணுடைய கைலாசநாதர் கோயிலே. இதனைக் குகை என்றல் பொருந்தாது, இஃது ஒற்றைக்கற்றளி. இராட்டிரகூட மன்னனாகிய முதலாம் கிருஷ்ணன் (ஏறக்குறைய கி. பி. 756 – 773) எழுப்பித்தது. மலைமேலிருந்து மூன்று பக்கங்களிலும் அகழிபோன்ற பள்ளங்களை நேர்கீழாக வெட்டியிறக்கி, நடுவே தனித்து நின்ற பாறையைச் சிற்பிகள் உச்சியிலிருந்து செதுக்கி வந்தனர். இவ்வாறமைந்த முற்றத்தின் நீளம் ஏறக்குறைய 276 அடி; அகலம் 154 அடி; பின்சுவரின் உயரம் 100 அடிக்கு மேலாகும். மேலிருந்து தொடங்கியமையால் உயர்ந்த சாரங்கள் வேண்டப்படவில்லை. பாறையே சிற்பிக்கு நிற்குமிடமாயிற்று. கட்டடத்திற் பழுதுற்ற கல்லை எடுத்து வேறொன்றை வைக்கலாம். இங்கோ சிகரத்தை வெட்டுங்காலத்திலேயே அடியில் வரும் தூணும் படியும் யானைவரிசையும் எங்கெங்கு அமையும் என்பது முடிவாகியிருத்தல் வேண்டும். தவறி வெட்டிய கல் மீளாது.

இக்கோயில் முழுவதும் ஒரு மன்னன் காலத்தே முடிந்ததா என்பதில் அறிஞர் ஒத்த கருத்தினரல்லர். பல தலைமுறையாக நடந்த வேலை என்றார் ஹெர்மன் கெட்சு. பெரும்பகுதி கிருஷ்ணன் காலத்ததே என்றார் தவலீகர். கோயிலின் மூலத்திட்டம் ஒன்றாயிருத்தலையும், சுற்றுப்புறக் குகைகளின் சிற்பநடை வேறுபடுதலையும் நோக்குமிடத்து, நடுக்கோயிலளவில் தவலீகர் கூற்றே பொருத்தமுடையதாகத் தோன்றுகின்றது. கி. பி. 9ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்து பரோடாச் செப்பேடு, இதனை ஆக்கிய சிற்பியே தான் இதனை எங்ஙனஞ் செய்தோம் என வியந்தான் என்னும் கருத்துப்படக் கூறுகின்றது. புலவர் புனைந்துரையாயினும் பொருளற்றதன்று.

இக்கோயிலின் தோற்ற வரலாற்றிலே தமிழகத்துக்கும் பங்குண்டு. காஞ்சியை வென்ற சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன், இராசசிங்கப் பல்லவன் எழுப்பிய கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைக் கவராது விடுத்ததைத் தெரிவிக்கும் கன்னடக் கல்வெட்டு அக்கோயிலிலேயே உள்ளது. அவன் தேவியாகிய லோகமகாதேவி பட்டடக்கல்லில் எடுப்பித்த விரூபாட்சர் கோயிலிற் காஞ்சியின் சாயல் காணப்படுகின்றது. அதனைத் தழுவியே எல்லோராக் கைலாசம் அமைந்தது என்பர். தென்னாட்டு விமானம் மராட்டியப் பாறையில் உருப்பெற்ற வழி இதுவே.

15ஆம் எண்ணுடைய தசாவதாரக் குகை பௌத்த விகாரையாகத் தொடங்கப்பெற்றுப் பின்னர் இந்துக் கோயிலானது என்பது அறிஞர் துணிபு. ஆகவே மூன்று சமயத்தாரும் யாதொரு போட்டியுமின்றி வாழ்ந்தனர் எனக் கூறுதல் மிகையாகும். எனினும் பின்வந்தோர் அண்டையிலிருந்த பௌத்தக் குகைகளை இடித்தொழித்தாரல்லர். சமணரின் 32ஆம் குகையாகிய இந்திரசபை, முற்றத்து நடுவே ஒற்றைக்கல்லிற் சிறுகோயிலைக் கொண்டு கைலாசத்தின் அமைப்பையே பின்பற்றுகின்றது. சமண ஆசிரியராகிய ஜினசேனரைப் போற்றிய இராட்டிரகூட அமோகவர்ஷன், நாட்டின் துயர் தீர மகாலட்சுமிக்குத் தன் விரலை அறுத்துக் காணிக்கையாக்கினான் எனக் கி. பி. 871ஆம் ஆண்டுச் சஞ்சான் செப்பேடு கூறும். அக்காலத்து அரசரின் சமயநெறியை ஒரு பெயருள் அடக்கிவிடல் அரிது.

மேலிருந்து கீழாகச் செதுக்கும் முறையை ஐயத்துக்கிடமின்றிக் காணவிரும்புவார்க்குத் தூத்துக்குடி மாவட்டத்துக் கழுகுமலை ஏற்ற இடமாகும். 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வெட்டுவான்கோயில் அங்குளது. அம்மலையின் மற்றொரு பக்கத்திற் சமணத் தீர்த்தங்கரர் உருவங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுக்களும் காணப்படுகின்றன. வெட்டுவான்கோயிலில் விமானத்தின் மேற்பகுதி சிகரமும் சிற்பங்களுமாய் முற்றுப்பெற்று விளங்க, அடிப்பகுதி செதுக்கி முடியாத பாறையாகவே நிற்கின்றது.