கச்சான் காலத்து மேனிப் பூச்சு

தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு, உலர்ந்து வெம்மையேறி எமது வாவிப் பக்கம் இறங்குகிறது. இதுவே கச்சான் காற்று. மே மாதந் தொடங்கிச் சில மாதங்கள், படுவான்கரை வயல்களைத் தாண்டி எழுவான்கரை வரை இது வீசும்போது உதடுகள் வெடிக்கின்றன. பாதங்கள் சாம்பல் பூத்தாற்போல் வெளிறுகின்றன. சருமத்தின் மேற்படையிலுள்ள ஈரத்தைக் காற்று உறிஞ்சிவிடுவதே காரணம்.

சென்ற கச்சான் காலத்தில் எமது கல்லூரி மாணவி ஒருத்தி, கைக்குட்டையால் முகத்தை மறைத்தவாறு வகுப்புக்கு வந்தாள். வறட்சி நீங்கும், நிறமும் வெளுக்கும் என்று யாரோ கூற, ஒரு பூச்சை வாங்கித் தடவியிருக்கிறாள். முகம் சிவந்து தோலுரிந்திருந்தது. டப்பியிலே சேர்மானங்கள் எவையும் அச்சிடப்பட்டிருக்கவில்லை.

வெளுப்புப் பூச்சுகள் சிலவற்றில் பாதரச உப்புகளைச் சேர்ப்பதுண்டு. சருமத்திற்குக் கருமை தரும் மெலனின் உருவாவதைப் பாதரசம் தடுக்கும். முகம் வெளுத்துத் தோன்றும். ஆனால் அது தோலினூடே இரத்தத்திற் கலந்து சிறுநீரகங்களைக் கெடுக்கும். தாயின் கையிலிருந்து குழந்தையையும் சேரும். மினமாட்டா சமவாயத்தின் கீழ் 2023இல் கூடிய உலக நாடுகள், பாதரசம் சேர்த்த அழகுப் பொருள்கள் அனைத்தையும் 2025உடன் ஒழிப்பதெனத் தீர்மானித்தன. மெலனினோ கடுவெயிலின் புறஊதாக் கதிர்களுக்கு எதிராக இயற்கை பிடித்த குடை. அதனை விலைகொடுத்து மடக்குவானேன்?

வறட்சிக்கு மருந்து எமது அடுக்களையிலேயே உண்டு. முற்றிய தேங்காயைத் துருவிப் பிழிந்த முதற்பாலைத் தாச்சியிலிட்டு, இளந்தீயில் கிளறுங்கள். நீர் வற்ற எண்ணெய் தெளியும். மண்டி பொன்னிறமானதும் இறக்கி, ஆறவைத்து, உலர்ந்த துணியில் வடியுங்கள். நீர் சிறிது தங்கினாலும் எண்ணெய் சிக்கடிக்கும்.

இவ்வெண்ணெயில் 100 கிராமுக்கு, தூய தேன்மெழுகு 20 கிராம் போதும். மெழுகைச் சீவி எண்ணெயுடன் ஒரு கிண்ணத்திலிட்டு, கொதிநீர்ப் பாத்திரத்தினுள் வைத்து உருக்குங்கள். மெழுகு உருகுவதற்கு ஏறத்தாழ 63 பாகை வெப்பம் வேண்டும். நேரே தீயில் வைத்தல் ஆபத்து. உருகியதும் உலர்ந்த சிறு போத்தலில் ஊற்றி ஆறவிடுங்கள். தேங்காயெண்ணெய் 24 பாகையிலேயே உருகிவிடும். மெழுகு சேர்வதாலேயே பூச்சு எமது வெயிலிலும் இறுகி நிற்கிறது.

கடையில் வாங்கும் லோஷனில் நீரும் உண்டே எனச் சிலர் வினவுவர். இரண்டாம் நூற்றாண்டிலேயே கேலன் என்னும் கிரேக்க வைத்தியர் மெழுகு, எண்ணெய், பன்னீர் ஆகியவற்றைக் குழைத்துப் பூச்சுச் செய்தார் என்பர். ஆயின் நீருள்ள பூச்சில் கிருமிகள் விரைவிற் பெருகும். ஆகையால் நீரைப் போத்தலில் அன்று, மேனியிலேயே சேர்ப்போம். குளித்து, ஈரம் முற்றும் உலருமுன் சிறிதளவு பூசினால், அவ்வீரத்தை மெழுகும் எண்ணெயும் உள்ளே காத்துநிற்கும். கற்றாழைச் சோறு சேர்க்க விரும்புவோர், மஞ்சட்பாலை நன்கு வடித்துக் கழுவி, அன்றன்றைக்கு வேண்டிய அளவே எடுத்துக் குழைத்துக்கொள்க.

எதனையும் முதலில் முழங்கையின் உட்புறத்திற் சிறிது தடவி, ஒருநாள் பொறுத்துப் பாருங்கள். அரிப்போ தடிப்போ கண்டால் விட்டுவிடுங்கள். புண்ணும் படையும் உள்ள சருமத்தை வைத்தியரிடமே காட்டவேண்டும்.

அம்மாணவியும் வைத்தியரிடம் சென்று குணமடைந்தாள். அண்மையில் தன் தாயார் காய்ச்சிய பூச்சை எமக்குக் காட்ட எடுத்து வந்தாள். கைக்குட்டை இல்லை, முகம் தன் சொந்த நிறத்திலேயே பொலிவுற்றிருந்தது.