பெயர் மாறும் வன்தட்டுகள்

விண்டோஸில் பழகியவருக்குத் தட்டு என்றால் சி, டி என்ற எழுத்துகள். லினக்ஸில் அந்த எழுத்துகளே கிடையாது. எல்லாக் கோப்புகளும் ஒரே மரத்தின் கிளைகள். புதிய வன்தட்டை அந்த மரத்தில் ஏதாவதொரு அடைவில் கொண்டுபோய் இணைக்க வேண்டும். இதைத்தான் மவுன்ட் செய்வது என்கிறார்கள்.

கணினி தொடங்கும்போதே இணைப்பு தானாக நடக்க, ஈடிசி அடைவிலுள்ள எஃப்எஸ்டேப் கோப்பில் தட்டுக்கு ஒரு வரி எழுதுவார்கள். எந்தத் தட்டு, எந்த அடைவு, எந்தக் கோப்பு முறைமை என்று தொடங்கி ஒரு வரிக்கு ஆறு விவரங்கள். வம்பு முதல் விவரத்திலேயே ஆரம்பிக்கிறது.

பலர் அங்கே எஸ்டிபி1 என்று எழுதிவிடுகிறார்கள். லினக்ஸின் மையமான கெர்னல் எந்தத் தட்டை முதலில் கண்டுகொள்கிறதோ அதற்கு எஸ்டிஏ, அடுத்ததற்கு எஸ்டிபி; கடைசி எண் தட்டின் பிரிவைக் குறிக்கும். பந்திக்கு முந்தியவருக்கு முதல் இலை, அவ்வளவுதான். ஒரு யூஎஸ்பி தட்டைச் செருகியபடி கணினியை இயக்கினாலே வரிசை மாறிவிடலாம்.

மாறாதது யூயூஐடி. ஃபார்மட் செய்யும்போது கோப்பு முறைமைக்குள்ளேயே பதிந்துவிடும் 128 பிட் எண் அது. இஎக்ஸ்டி4 தட்டில் 32 இலக்கங்களாகவும் நடுவே நான்கு கோடுகளாகவும் தெரியும். கேபிளை மாற்றினாலும் வேறு கணினியில் பொருத்தினாலும் அதே எண்தான். எல்எஸ்பிஎல்கே கட்டளையை எஃப் தெரிவுடன் இயக்கினால் காட்டிவிடும். ஒரு சிக்கல் மட்டும் உண்டு: டிடி கட்டளையால் தட்டை அப்படியே நகலெடுத்தால் இரண்டுக்கும் ஒரே எண் வந்துவிடும். எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமை அத்தகைய இரட்டையரில் இரண்டாவதை இணைக்க மறுத்துவிடுகிறது. நல்ல குணம்!

தட்டு இல்லாமலே போனால்? கணினியின் தொடக்கத்தை நடத்தும் சிஸ்டம்டி வழக்கமாக 90 விநாடி காத்திருந்துவிட்டு, அவசரநிலைத் திரையில் போய் நின்றுவிடும். எங்கோ தொலைவிலுள்ள சர்வருக்கு இது பெரும் தலைவலி. எஃப்எஸ்டேப் வரியின் விருப்பங்கள் பகுதியில் 'நோஃபெயில்' என்று சேர்த்தால், தட்டு இல்லாவிட்டாலும் கணினி தொடங்கிவிடும்.

அதிலும் ஒரு பொறி இருக்கிறது. இணைப்பு நடக்கவில்லை என்றாலும் வெற்று அடைவு அங்கேயேதான் இருக்கும். இரவில் ஓடும் பேக்கப் நிரல் அதை நம்பி, முதன்மைத் தட்டிலேயே எழுதித் தள்ளி இடத்தை நிரப்பிவிடும். எழுதுமுன் 'மவுன்ட்பாயின்ட்' கட்டளையால் சரிபார்க்கும் ஒரு வரியை அந்த நிரலில் சேர்ப்பது கட்டாயம்.

எஃப்எஸ்டேப்பில் கை வைத்ததும் கணினியை மறுதொடக்கம் செய்துவிடாதீர்கள். முதலில் 'ஃபைண்ட்எம்என்டி' கட்டளையை வெரிஃபை தெரிவுடன் இயக்கிப் பாருங்கள். எழுத்துப் பிழை இருந்தால் அங்கேயே சொல்லிவிடும்.