உங்களுக்குத் தெரியுமா? தரங்கம்பாடியில் தங்கும் குடும்பங்களுக்கு…

★ அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் என்று திருக்கடையூருக்கு வரும் குடும்பங்களில் சில, இரவு தங்குவதற்குத் தரங்கம்பாடிக் கடற்கரைக்கு வந்துவிடுகின்றன. கோட்டைக்குப் பக்கத்தில் கடலைப் பார்த்து நிற்கும் பங்களா ஹோட்டல், ஒரு காலத்தில் ஆங்கிலேயக் கலெக்டர் குடியிருந்த வீடு. அதன் அறைகளுக்கு டேனிஷ் கப்பல்களின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள்.

★ இவ்வளவு சின்ன ஊருக்குக் கலெக்டர் எப்படி வந்தார்? 1845-ல் டென்மார்க், தரங்கம்பாடியையும் வங்காளத்துச் சேரம்பூரையும் சேர்த்துக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றுவிட்டது. விலை 12.5 லட்சம் ரூபாய். அதற்குப் பிறகு சில ஆண்டுகள் தஞ்சாவூர் ஜில்லாவுக்கே தரங்கம்பாடிதான் தலைமையிடம்.

★ டேனிஷ்காரர்கள் வந்த கதை இன்னும் சுவாரசியம். முன்னோடியாக வந்த கப்பலைக் காரைக்கால் கடலில் போர்த்துகீசியர்கள் அழித்தார்கள். தப்பிய அதன் தலைவர் கிராப்பே தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் போய்ச் சேர்ந்தார். அடுத்து, கடற்படைத் தளபதி ஓவே கெட்டே வந்து 1620-ல் நாயக்கரோடு உடன்படிக்கை செய்தார். எழுந்தது டான்ஸ்போர்க் கோட்டை. டென்மார்க் மன்னருக்கு நாயக்கர் பொன்னோலையில் தமிழில் எழுதிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது.

★ ஊரின் வயது கோட்டையோடு தொடங்கவில்லை. கரையோரத்து மாசிலாமணிநாதர் கோயில், பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில் 1306-ல் எழுந்தது. அதாவது, கோட்டைக்கு 314 ஆண்டு மூத்தது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அதனால்தான் இப்போது அலைக்கும் கோயிலுக்கும் நடுவே பாறாங்கற்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளை அந்தக் கற்கள் மேல் ஏறவிடாதீர்கள்.

★ பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி: 1706-ல் இங்கே வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்கு தமிழ் கற்று, அச்சகம் வைத்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் ரொம்பப் பெரியவை, காகிதத்தை விழுங்கின. அதனால் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். பக்கத்துப் பொறையாறில் காகிதப் பட்டறையும் வைத்தார்கள்.

★ அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் திறக்கப்பட்டது 1718-ல். அடுத்த ஆண்டே காலமானார். கல்லறை அந்த ஆலயத்துக்குள்ளேயே இருக்கிறது.

★ ஊருக்குள் நுழையும் வெள்ளை நுழைவாயில் 1792-ல் கட்டியது. அங்கிருந்து ராஜா வீதியில் நேரே நடந்தால் ஆலயங்கள், பழைய வீடுகள், கோட்டை, கடல் என்று வரிசையாக வரும். வண்டி எடுக்கத் தேவையில்லை.

★ பழைய பங்களாக்களின் அகன்ற தாழ்வாரம் வெறும் அழகுக்கு இல்லை. பகலில் தரை சூடேறி, அதன் மேலுள்ள காற்று மேலெழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடற்காற்று வீசும். கோடையில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏ.சி. அறையை விட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

★ இது கிழக்குக் கரை. சூரியன் கடலிலிருந்து உதிக்கும். மறைவது ஊருக்குப் பின்னால். எனவே அலாரம் வையுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அப்போது உதயம் மேகத்துக்குள் போய்விடலாம்.

★ கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அறுபதாம் கல்யாணத்துக்கு ஜோசியர் நாள் குறிக்கும்போதே இதையும் அவர் காதில் போட்டுவையுங்கள்!