கயிற்றில் இறங்கும் புளியமரம்

வாலிகண்டபுரத்தில் வாலீஸ்வரர் கோயிலைச் சுற்றிய பழைய தெருக்களில், ஒரு முதிய புளியமரம் ஓட்டுவீட்டின் மேல் சாய்ந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் கூரை, மறுபக்கம் மின்கம்பி. அடியோடு சாய்க்க இடமில்லை; உச்சியிலிருந்து துண்டு துண்டாக அறுத்துக் கயிற்றில்தான் இறக்க வேண்டும். அப்போது பாரத்தைத் தாங்கப்போவது அந்த மரமேதான். எப்போது விழுமோ என்று ஊர் அஞ்சிய அதே அடிமரத்தின் மேல்தான் ஆள் ஏறுகிறார், கப்பியும் தொங்குகிறது. ஆகவே, கயிறு எவ்வளவு கனம் தாங்கும் என்று மட்டும் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குவது போதாது. அந்த மரம் எவ்வளவு தாங்கும் என்பதே முதல் கணக்கு.

நடுமரத்தை அறுக்கும்போது கப்பி வெட்டுக்குக் கீழேதான் இருக்கும், மேலே கட்ட வேறு பிடிமானம் கிடையாது. அதனால் துண்டு சற்றுத் தூரம் விழுந்த பிறகே கயிறு விறைக்கும். 200 கிலோ துண்டு 1 மீட்டர் தடையின்றி விழுந்து, அடுத்த 25 செ.மீ.க்குள் நிறுத்தப்பட்டால், கயிற்றில் சராசரியாக 1,000 கிலோ எடைக்கு ஈடான விசை ஏறும். உச்ச விசை அதையும் தாண்டும். கப்பியின் இருபுறமும் கயிறு இழுப்பதால் மரத்துக்கு வருவது ஏறக்குறைய 2,000 கிலோ. அதே துண்டைச் சட்டென்று நிறுத்தாமல், 2 மீட்டர் ஓடவிட்டு மெல்லப் பிடித்தால் கயிற்றில் 300 கிலோதான், மரத்தில் சுமார் 600. துண்டின் எடையும் கயிறும் மாறவில்லை, தரையில் நிற்பவர் கயிற்றை விட்டுக்கொடுத்த விதம் மட்டுமே மாறியது. ஓடும் தேரை முட்டுக்கட்டை போட்டுப் படிப்படியாக அடக்குகிறார்களே, அதே வித்தைதான் இது.

பாய்ந்து வரும் 300 கிலோவை ஒருவர் கையால் பிடிக்க முடியுமா என்று கேட்கலாம். கயிற்றை அடிமரத்தில் சுற்றினால் முடியும். உராய்வுக் கெழு 0.3 என்று கொண்டால், ஒரு முழுச் சுற்று பிடிக்க வேண்டிய விசையை ஆறரை மடங்கு குறைக்கும். இரண்டு சுற்றுகள் 43 மடங்கு. கைக்கு வருவது 7 கிலோ! மரம் வெட்டுபவர்கள் தலைமுறைகளாகச் செய்துவரும் காரியம்தான் இது, அவர்களுக்குச் சமன்பாடு தேவைப்பட்டதில்லை. ஆனால் கயிறு நழுவிவிடும் என்ற பயத்தில் நாலைந்து சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டுவதும் உண்டு. அந்த இறுக்கம்தான் மேலே இடுப்பில் கயிறு கட்டி நிற்பவரை மரத்தோடு சேர்த்து உலுக்குகிறது.

கிரேன் இருக்க இந்தப் பாடு எதற்கு என்பவர்களுக்கு: கிரேன் வர வழியிருந்தால் அதுவே மேல், சந்தேகமில்லை. தேர் போகும் வீதிக்குள் அது வரலாம். வீட்டுக் கொல்லைக்கும் முட்டுச் சந்துக்கும் வராது. மரம் ஆபத்தானதுதானா என்ற கேள்வி இதைவிட வலுவானது. பொந்து விழுந்த மரமெல்லாம் விழப்போகும் மரமல்ல. உருளை வடிவத் தண்டின் குறுக்களவில் பாதி உள்ளீடற்றுப் போனாலும் வளைவைத் தாங்கும் வலிமையில் பதினாறில் ஒரு பங்குதான் குறையும். 70 விழுக்காடு போனால்கூட நாலில் மூன்று பங்கு மிஞ்சும். அதற்கு மேல் சுவர் மெலிந்தால்தான் நிலைமை வேகமாக மோசமாகிறது. ஜெர்மானிய ஆய்வாளர் கிளாஸ் மாத்தெக், மிஞ்சிய சுவர் ஆரத்தில் சுமார் 30 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது என்று சொன்னதும் இதையொட்டியே. பொந்து ஒரு பக்கமாகத் திறந்திருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது, தண்டு இன்னும் பலவீனம். பொந்தைக் கண்டதும் கோடரி எடுக்கும் அவசரத்தில் நல்ல நிழல்மரங்களை இழக்கிறோம் என்பது என் வருத்தம்.

உண்மையில் கவலைப்பட வேண்டிய அறிகுறிகள் தூரில் இருக்கின்றன: அடியில் முளைத்த காளான், சாய்வுக்கு எதிர்ப்புறம் வெடித்து மேலெழும் மண், அறுந்த வேர். இவை தெரிந்தால் அந்த மரத்தில் கப்பி கட்டவே கூடாது. பக்கத்தில் உறுதியான வேம்போ பனையோ இருந்தால் பாரத்தை அதற்கு மாற்றலாம். எதுவும் இல்லையென்றால், சாரத்தில் நின்று கையால் எடுத்துக் கொடுக்கும் அளவுக்குத் துண்டுகளைச் சிறிதாக்க வேண்டும். நீளத்தைப் பாதியாக்கினால் எடை பாதியாகும், விழும் தூரமும் குறையும். ஒரு நாள் வேலை மூன்று நாள் இழுக்கும், கூலியும் கூடும். மின்வாரியத்திடம் அத்தனை நாளும் மின்சாரத்தை நிறுத்தச் சொல்ல வேண்டியிருக்கும்.