மங்கிய கம்பளம், குதிரை லாயக் கதவு... இன்ஸ்டா ‘லுக்’ உத்திரமேரூர் வீட்டுக்குச் சரிப்படுமா?

இன்ஸ்டாகிராமில் வீட்டு அலங்கார ரீல்ஸ் பார்ப்பவர்களுக்கு இந்தக் காட்சி மனப்பாடம். சாயம் மங்கி, நடுவில் தேய்ந்துபோன மாதிரி ஒரு சிவப்புக் கம்பளம். அதற்குப் பின்னால், இரும்புப் பட்டையில் சக்கரம் வைத்துப் பக்கவாட்டில் தள்ளும் பெரிய மரக் கதவு. சுவரில் கொக்கி, கொக்கியில் ஒரு தோல் வார். மேலே பூசாத மர உத்திரம். ‘ஆன்டிக் ரக்’, ‘ஸ்டேபிள் ஸ்டைல்’ என்று ஹேஷ்டேக். மேலைநாடுகளில் பழைய குதிரை லாயங்களையும் தானியக் கொட்டகைகளையும் வீடாக மாற்றிக் குடிபோனவர்களிடமிருந்து கிளம்பிய ஸ்டைல் இது. இப்போது ஆன்லைனில் ஆர்டர் போட்டால் உத்திரமேரூருக்கும் பார்சல் வந்துவிடும்.

கேள்வி என்னவென்றால், வெயிலும் ஐப்பசி மழையும் மாறி மாறி அடிக்கும் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இது தாங்குமா? இந்த ‘பழைய’ அழகு நம்ம ஊர்ப் பக்கமே கிடைக்காதா?

‘ஆன்டிக்’ வேறு, ‘ஆன்டிக் ஸ்டைல்’ வேறு

கம்பள வியாபாரத்தில் பொதுவாக 100 வயது தாண்டினால்தான் ‘ஆன்டிக்’. அதற்குக் குறைவானது ‘விண்டேஜ்’. ‘ஆன்டிக் ஸ்டைல்’ என்றால் புதுசு, பழசு மாதிரி செய்யப்பட்டது என்று அர்த்தம். இதிலும் ரெண்டு வகை. ஒன்று, கம்பளி நூலைக் கையால் முடிச்சுப் போட்டு நெய்து, பிறகு ரசாயனக் கழுவலில் நிறத்தை மங்கவைப்பது. இந்தியாவில் பதோஹி, ஜெய்ப்பூர், காஷ்மீர் பக்கம் நெய்பவை இந்த முடிச்சுக் கம்பளங்கள். இன்னொன்று, பாலியஸ்டர் துணியில் கம்பளத்தின் படத்தை அச்சடித்து, அடியில் ரப்பர் ஒட்டியது. தேய்மானமும் சேர்ந்தே அச்சாகிவிடும்.

வித்தியாசம் தெரிய பெரிய நிபுணத்துவம் வேண்டாம். திருப்பிப் போடுங்கள். கையால் முடிச்சுப் போட்டதாக இருந்தால் முன்பக்கப் பூ பின்பக்கமும் தெரியும், ஒவ்வொரு முடிச்சும் புள்ளியாக எண்ணிவிடலாம். அச்சடித்ததாக இருந்தால் பின்பக்கம் வெறும் வெள்ளை அல்லது ரப்பர். ‘பெர்சியன் கார்பெட்’ என்று ஆயிரத்துச் சொச்சத்துக்கு வருவது பெரும்பாலும் இந்த ரெண்டாவது ரகம்தான். வாங்கக் கூடாது என்றில்லை. என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினால் போதும்.

அசல் கம்பளியே ஆனாலும் இந்தப் பகுதியில் ஒரு சிக்கல் உண்டு. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் ஈரம் ஏறினால் கம்பளி வாடை அடிக்கும், பூச்சி வரும். வறண்ட, குளிர் அடிக்கும் பாரசீக, மத்திய ஆசிய நிலங்களில் தரையைச் சூடாக்கப் பிறந்த பொருள் அது. இங்கே தரையிடம் யாரும் சூட்டைக் கேட்பதில்லை.

கம்பளத்துக்கும் குதிரைக்கும் என்ன சம்பந்தம்?

இருக்கிறது. ஈரான், துருக்கி, மத்திய ஆசிய நாடோடிக் கூட்டங்கள் தரைக்கு மட்டும் கம்பளம் நெய்யவில்லை. குதிரையின் முதுகில் போர்த்த, சேணத்துக்கு மேல் விரிக்க, ரெண்டு பக்கமும் பை தொங்கவிட எல்லாவற்றையும் அதே தறியில் நெய்தார்கள். ‘கோர்ஜின்’ எனப்படும் அந்த ரெட்டைப் பைகள் இன்று பிரித்துக் கழற்றப்பட்டு, தலையணை உறையாகவும் சுவர் அலங்காரமாகவும் விலைபோகின்றன. லாயமும் கம்பளமும் ஒரே ரீலில் ஜோடி சேர்வது தற்செயலாக இருக்கலாம். ஆனால், ரெண்டும் முதலில் வேலைக்கான பொருட்கள். அழகு என்று பேர் வந்தது பிறகுதான்.

அந்தக் கண்ணோடு பார்த்தால், உத்திரமேரூரைச் சுற்றி என்ன இருக்கிறது என்பது தெரிய ஆரம்பிக்கும்.

நம்ம பக்கத்துக் ‘கம்பளம்’

தமிழில் ‘ரத்தினக் கம்பளம்’ என்ற சொல் இருப்பதால் இது வட இந்தியச் சமாச்சாரம் மட்டும் இல்லை என்று புரியும். காஞ்சிபுரத்துக்கு மேற்கே வாலாஜாபேட்டை, தஞ்சாவூர் பக்கம் அய்யம்பேட்டை ஆகிய ஊர்கள் ஒரு காலத்தில் கம்பள நெசவுக்குப் பேர் பெற்றவை. தென்னிந்தியக் கம்பள நெசவு பற்றி ஹென்றி ஹாரிஸ் என்பவர் எழுதி 1908-ல் சென்னையில் வெளியான ஆய்வு நூலே உண்டு. அந்தத் தொழிலின் பழைய செழிப்பு இப்போது இல்லை.

சாதாரண வீடுகளில் தரையை ஆண்டவை வேறு ரெண்டு: ஜமக்காளம், கோரைப்பாய்.

ஜமக்காளம் என்றால் பவானி. ஈரோடு மாவட்டத்துச் சரக்குதான். ஆனால், கல்யாணம், கச்சேரி, பஞ்சாயத்து, சீட்டாட்டம் என்று ஊர் கூடும் இடத்திலெல்லாம் விரிக்கப்பட்டதால் எல்லா ஊருக்கும் சொந்தமாகிவிட்டது. ஆங்கிலேயர் காலத்தில் மலிவான மில் துணி வந்து இறங்கியபோது, 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பவானி நெசவாளர்கள் தடித்த வண்ண நூலுக்கு மாறியதில் இது பிறந்தது என்பார்கள். குழித்தறியில் நெய்வது. அகலமான ஜமக்காளம் என்றால் ரெண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஓடத்தைக் கைமாற்றி நெய்ய வேண்டும். 2005–06-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

சட்டப் பாதுகாப்பும் இருக்கிறது. 1985-ம் ஆண்டு கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின்கீழ், கைத்தறியில் மட்டுமே நெய்ய வேண்டும் என்று ஒதுக்கப்பட்ட 11 ரகங்களில் ஜமக்காளமும் ஒன்று. அப்படியிருந்தும் விசைத்தறிச் சரக்கு ‘பவானி’ பெயரில் சந்தைக்கு வருகிறது என்பது நெசவாளர்களின் நீண்ட நாள் புகார். விசைத்தறி வேகமாக நெய்யும், விலை குறையும், பெயரைப் பார்த்து வாங்குபவருக்கு வித்தியாசம் தெரியாது. நஷ்டம் முழுக்கக் குழிக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு.

வாங்கும்போது பார்க்க வேண்டியது: ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். கையில் எடுத்தால் கனம் தெரிய வேண்டும். வண்ணப் பட்டைகளின் அகலத்தில் மயிரிழை ஏற்ற இறக்கம் இருந்தால் கவலைப்படாதீர்கள், கை நெய்ததின் அடையாளம் அதுதான். கைத்தறி முத்திரை இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

அலங்காரம் என்று பார்த்தால் ஜமக்காளத்தின் சிவப்பு, பச்சை, நீலம், கருப்புப் பட்டைகள் கொஞ்சம் ‘கத்தும்’ நிறங்கள்தான். வெள்ளைச் சுவர், வெளிர் டைல்ஸ் இருக்கும் ஹாலில் ஒரே ஒரு ஜமக்காளம் போதும், வேறு எதையும் கத்தவிடக் கூடாது. திரைச்சீலையும் பூப்போட்டது, சோபாவும் பூப்போட்டது என்றால் கல்யாண மண்டபம் மாதிரி ஆகிவிடும். தவிர, பருத்தி என்பதால் துவைக்கலாம். முதல் ரெண்டு தடவை தனியாகத் துவையுங்கள், சாயம் இறங்கும்.

பாய்க்கு அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். உத்திரமேரூரிலிருந்து தென்மேற்கே பஸ் ஏறினால் வந்தவாசி. 1760-ல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய ஊர் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். இப்போது அந்த ஊருக்குப் பேர் கோரைப்பாயில். அறுத்த கோரையைக் கிழித்து, வெயிலில் காயப்போட்டு, பச்சை போய் வெளிர் மஞ்சள் ஆனதும், பாவு நூலில் குறுக்கே கோத்து நெய்கிறார்கள். கைத்தறி இருந்த இடங்களில் இப்போது பெருமளவு விசைத்தறிதான். பிளாஸ்டிக் பாய் வந்த பிறகு, அதன் விலையோடு போட்டி போட வேறு வழி இல்லாமல் போனது.

இன்னும் நுணுக்கம் வேண்டுமென்றால் திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடைப் பாய். துணி மாதிரி மடிக்கலாம் என்ற அளவுக்கு மெல்லியது. கல்யாணத்துக்குப் பெண், மாப்பிள்ளை பெயரையே பாயில் நெய்து தருவார்கள். நேரில் பார்க்க பூம்புகார் விற்பனையகங்களில் கேட்டுப் பார்க்கலாம். ஜமக்காளத்துக்கு கோ-ஆப்டெக்ஸ்.

கோரைப்பாயைத் தரையில்தான் போட வேண்டும் என்றில்லை. கட்டிலுக்குப் பின்னால் சுவரில் அடிக்கலாம், சுவர்ச் சூடு முதுகில் படாது. ஜன்னலுக்குச் சுருட்டித் தொங்கவிடலாம். ஷீட் கூரை போட்ட மாடி அறையில் கூரைக்கு அடியில் வரிசையாகக் கட்டினால், தலைக்கு நேரே இறங்கும் அனல் கொஞ்சம் மட்டுப்படும். ரீல்ஸில் வரும் ‘நேச்சுரல் டெக்ஸ்சர்’ என்பது இதுதான், வேறொன்றுமில்லை.

லாயத்திடம் கற்க வேண்டியது கதவு அல்ல, காற்று

வந்தவாசியிலிருந்து இன்னும் தென்மேற்கே போனால் செஞ்சி. தேசிங்கு ராஜாவின் கோட்டை. 1714-ல் ஆற்காடு நவாபின் படையோடு மோதி இறந்த இளைஞனையும் அவன் குதிரையையும் நாட்டுப்பாடல்கள் இன்னும் விடவில்லை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த 12 மராட்டியக் கோட்டைகளில், தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். ராஜகிரி அடிவாரத்தில், கல்யாண மகாலுக்குப் பக்கத்தில், வரிசை வரிசையாக வளைவு வாசல்களோடு நிற்கும் கட்டடத்தைக் குதிரை லாயம் என்கிறார்கள். வெயில் கொளுத்தும் நேரத்தில் போய் உள்ளே நின்றால், அதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று உடம்புக்கே தெரிந்துவிடும்.

குதிரைக்குச் சூடும் ஆகாது, அடைத்த காற்றும் ஆகாது. சிறுநீரிலிருந்து கிளம்பும் அமோனியா வாயு நுரையீரலைப் பாதிக்கும். அதனால் நல்ல லாயம் எங்கே கட்டினாலும் சில விஷயங்கள் மாறாது. கூரை உயரம். சூடான காற்று வெளியேறக் கூரைக்கு அடியில் திறப்பு. கழுவிவிட்டால் தண்ணீர் ஓடிவிடும்படி சரிவான தரை. தடுப்புச் சுவர் பாதி உயரம்தான், அதற்கு மேல் கம்பி. கதவும் ரெண்டு துண்டு: கீழ்ப் பாதியைச் சாத்தி, மேல் பாதியைத் திறந்துவைத்தால் குதிரை வெளியே போகாது, காற்று உள்ளே வரும்.

இதில் எது நமக்குப் புதுசு? பழைய ஓட்டு வீடுகளில் அரைக் கதவும், மரக் கிராதியும், சுவர் உச்சியில் காற்றுத் துளையும் இருந்தன. முட்டுக்காடு தட்சிணசித்ராவில், 1996 முதல், காஞ்சிபுரம் பட்டு நெசவாளர் வீடு உட்படப் பல பழைய வீடுகளைப் பெயர்த்தெடுத்துத் திரும்ப நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வீடு கட்டத் திட்டமிடுபவர்கள் அரை நாள் ஒதுக்கிப் பார்க்கலாம்.

இப்போது கட்டும் கான்கிரீட் வீடுகளில் ‘ஏசி போடப் போறோம்’ என்று வென்டிலேட்டரை அடைத்துவிடுகிறார்கள். அப்புறம் அதே வீட்டில், கட்டடத்துக்குக் கொஞ்சமும் பயனில்லாத தள்ளுகதவை ‘ஸ்டேபிள் லுக்’ என்று மாட்டுகிறார்கள். இது தலைகீழ் வேலை. கதவுக்கு ஆகும் செலவில் சுவர் உச்சியில் நாலு வென்டிலேட்டர் வைக்கலாம். பின்கட்டுக் கதவை ரெண்டு துண்டாகச் செய்துகொள்ளலாம், கோழியும் நாயும் உள்ளே வராது, சமையல்கட்டு வெக்கை வெளியே போகும். தள்ளுகதவே வேண்டும் என்றால் ஒன்றைக் கவனியுங்கள்: அது முழுக்க இறுக மூடாது. கொசுவுக்கும் சத்தத்துக்கும் வழி இருக்கும். படுக்கையறை, குளியலறைக்கு ஒத்துவராது.

குதிரை இல்லாத ஊரில் மாட்டுத் தொழுவம் இருக்கிறது. தீவனத் தொட்டியாகக் கிடந்த கருங்கல் தொட்டி இன்று சென்னை பால்கனிகளில் அல்லி மிதக்கும் தொட்டி. வண்டிச் சக்கரம் கண்ணாடி போட்ட டீப்பாய். மாட்டுக் கழுத்து மணி காலிங் பெல். டிராக்டர் வந்த பிறகு இதெல்லாம் தொழுவத்து மூலையில் கிடப்பவை. பழைய இரும்புக்காரர் எடைக்கு எடுத்துப்போய், நகரத்தில் ‘விண்டேஜ்’ கடைக்குப் போனதும் விலை பல மடங்கு ஏறிவிடும். விற்பதற்கு முன் சொந்த வீட்டிலேயே அதற்கு ஒரு மூலை இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

இந்தப் ‘பழசு’ மட்டும் வேண்டாம்

உத்திரமேரூர் என்றால் குடவோலைத் தேர்தல் கல்வெட்டு. முதலாம் பராந்தகன் காலத்து எழுத்துகள் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கின்றன. பல்லவர், சோழர் கால வேலைப்பாடுள்ள பகுதி என்பதால், வீடு கட்ட, கிணறு வெட்டத் தோண்டும்போது பழைய கல் வெளிப்படுவது நடக்கக்கூடியது. ‘தோட்டத்தில் வைத்தால் அழகா இருக்கும்’ என்று எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாது.

1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டு தாண்டிய சிற்பங்கள் தொல்பொருட்கள். கல், உலோகம், சுடுமண், மரம் எதில் செய்திருந்தாலும் வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. மண்ணுக்குள்ளிருந்து கிடைப்பவற்றுக்கு 1878-ம் ஆண்டு புதையல் சட்டம் இருக்கிறது: 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவானாலும் தகவல் சொல்லியாக வேண்டும். பழைய தூண், வாசற்கல், சிற்பம் செதுக்கிய நிலை எதையாவது ஒருவர் மலிவாகத் தருகிறேன் என்றால், எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் விட்டுவிடுங்கள். கோயில் சொத்தாக இருந்தால் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு உங்கள் வீட்டு வாசலுக்கு வரும்.

ஐயனார் கோயில் சுடுமண் குதிரையும் அப்படித்தான். ஓரமாக உடைந்து கிடப்பதால் யாருக்கும் வேண்டாதது என்று அர்த்தமில்லை. நேர்ந்துகொண்டு வைத்தது, மண்ணோடு மண்ணாகப் போக விட்டிருக்கிறார்கள். ஹாலில் குதிரை வேண்டும் என்றால் குயவரிடம் சொல்லிச் செய்துகொள்ளலாம். புதுச்சேரி பக்கம் வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது.

விரித்த பிறகு

வழுவழுப்பான டைல்ஸ் மேல் ஜமக்காளமோ பாயோ தனியாகக் கிடந்தால் வழுக்கும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் அடியில் வழுக்காத வலை விரிப்புப் போடாமல் விரிக்கவே கூடாது. நடைபாதையைத் தவிர்த்து, சோபாவின் முன்கால் விரிப்பின் மேல் ஏறும்படி போட்டால் நகராது, அறையும் பெரிதாகத் தெரியும்.

கோரைப்பாயை மடிக்காதீர்கள், சுருட்டுங்கள். மடித்த இடத்தில் கோரை முறியும். நனைந்தால் அன்றைக்கே உலர்த்த வேண்டும், இல்லையென்றால் கரும்புள்ளி விழும், அது போகாது. ஐப்பசி பிறப்பதற்கு முன் ஒரு நல்ல வெயில் நாளில் பாய், ஜமக்காளம் எல்லாவற்றையும் மாடிக்கு ஏற்றித் தட்டிக் காயவைத்து, மழை விடும்வரை தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் வைத்துவிடுங்கள்.